ரானுயிக்கு வந்த தரை

1998 பிப்ரவரியில் ஆக்லாந்து நகரின் நடுப்பகுதி இருண்டு போனது. நிலத்துக்கடியில் ஓடிய மின்கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின. குவீன் தெருவில் சிக்னல்கூட எரியவில்லை. கடைக்காரர்கள் நடைபாதையில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, அந்தப் புகையிலேயே வியாபாரம் பார்த்தார்கள். மின்சாரம் எப்போது திரும்பும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது.

ஹெரன்ஸ் கூடைப்பந்து அணிக்கு அந்த இருட்டு பெரிய அடி. அவர்களுடைய ஆட்டக்கூடம் நகர நடுவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை, விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. அடுத்த வார இறுதியில் வெலிங்டன் அணி விமானம் ஏறி ஆட வருகிறது.

"ரத்து பண்ணிட வேண்டியதுதான்," என்றார் கிளப்பின் தலைவர் வாரன். அறுபதைத் தாண்டிய மனிதர். இளவயதில் அதே கூடத்தில் ஆடியவர்.

அணியின் மேனேஜர் ஷாமினி அவர் எதிரே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவள். பிசியோதெரபிஸ்டாக இந்த அணிக்கு வந்து, வீரர்களின் முழங்காலையும் கணுக்காலையும் நீவிவிட்டே மேனேஜர் நாற்காலிவரை வந்து சேர்ந்தவள். தோற்பதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியும். ஆடாமலே விடுவதுதான் அவளுக்கு ஆகாது.

"ரானுயியில ஆடலாம்," என்றாள்.

"ரானுயியா? அது எங்கே இருக்கு, ஆஸ்திரேலியாவிலா?"

அறையில் இருந்த மற்ற இரண்டு கமிட்டிக்காரர்களும் சிரித்தார்கள். ஷாமினிக்கு முகம் சுட்டது. எங்கே குடியிருக்கிறாய் என்று இவர்கள் கேட்டபோதெல்லாம் "ஹெண்டர்சன் பக்கம்" என்று பக்கத்திலிருந்த பெரிய ஊரைச் சொல்லி மழுப்பியவள்தான் அவளும். அன்று அப்படி மழுப்ப மனம் வரவில்லை.

"மேற்குப் புறநகர்ல நான் குடியிருக்கிற ஊரு. ரயில் நிக்கிற ஊரு. பெரிய கூடம் இருக்கு, அதுல கரண்ட் இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"நம்ம ஆதரவாளர்கள் அவ்வளவு தூரம் வரமாட்டாங்க, ஷாமினி."

"அங்கேயும் ஜனங்க இருக்காங்க, வாரன்."

ஒரே ஒரு ஆட்டம், அதுவும் வேறு வழியில்லாததால், என்று சொல்லி அவர் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் கூடத்தைப் பார்க்கப் போன ஷாமினி திகைத்து நின்றாள். இடம் தாராளம்தான். ஆனால் தரை, சிமெண்டின்மேல் ஒட்டிய ரப்பர் விரிப்பு. அதில் குதித்துக் குதித்து ஆடினால் என்ன ஆகும் என்று மற்ற யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். அணியின் கேப்டன் சியோனேயின் வலது முழங்காலை இரண்டு வருடமாகத் தேற்றிக்கொண்டு வந்தவள் அவள்.

நகரத்துக் கூடத்தில் மேப்பிள் பலகைத் தரை இருந்தது. துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டக்கூடிய தரை. அப்படியானால் தரை ரானுயிக்கு வரட்டும் என்று அவள் முடிவுசெய்தாள்.

ரானுயி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டெய்ரி, அதாவது சின்ன மளிகைக்கடை, வைத்திருந்த மகேசனிடம் போனாள். யாழ்ப்பாணத்துக்காரர். பாலும் ரொட்டியும் வாங்க வருகிற அத்தனை பேரையும் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறவர்.

"அண்ணே, லாரி மாதிரி ஏதாச்சும் கிடைக்குமா? டவுன்லேருந்து தரையைத் தூக்கிட்டு வரணும்."

"தரையையோ?"

"ஆமாண்ணே. தரையைத்தான்."

மகேசன் கல்லாப்பெட்டியைச் சாத்திவிட்டு அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "எங்கட ஊருக்கு விளையாட வாறாங்கள் எண்டால் சும்மாவே? இஞ்சை ஒரு குரோஷியக்காரர் இருக்கிறார், பழத்தோட்டம் வச்சிருக்கிறார். அவரிட்டைப் பெரிய ட்ரக் கிடக்கு. நான் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன், தங்கச்சி."

அவர் ஒருவரிடம்தான் கதைப்பதாகச் சொன்னார். ஆனால் அன்று கடைக்கு வந்தவர்களில் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை போலும். சனிக்கிழமை காலை நகரத்துக் கட்டடத்தின் முன்னால் பழத்தோட்ட ட்ரக்கும், சமோவா தேவாலயத்தின் இரண்டு வேன்களும், டிரெய்லர் பூட்டிய கார்களும் வந்து நின்றன. ஷாமினியின் கணவன் கிருஷ்ணா வங்கியில் வேலை பார்ப்பவன். கனமாக எதையும் தூக்கிப் பழக்கமில்லாதவன். அவனும் கையுறை மாட்டிக்கொண்டு நின்றான்.

வாரன் படிக்கட்டின் அடியில் கைகட்டி நின்றார். "இந்தத் தரை இந்தக் கட்டடத்தைவிட்டுப் போறதை நான் பார்ப்பேன்னு நினைக்கல."

"ஆடுறவங்களுக்காகப் போட்ட தரை, வாரன். இருட்டுல அது சும்மா கிடக்கணுமா?"

அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

படிக்கட்டில் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. டார்ச் வெளிச்சத்தில் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முன்னால் சியோனே, பின்னால் ஒரு தேவாலயப் பாடகர். அவர்களுக்குப் பின்னால் மகேசனும் கிருஷ்ணாவும். வியர்வை சொட்டச் சொட்ட இறக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பெரிய பலகை மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சுவரின் காரை உதிர்ந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"நிறுத்துங்க!" கீழேயிருந்து வாரனின் குரல். மூச்சுவாங்க ஏறி வந்தார். "இடப்பக்கம் சாய்ச்சு நிமிர்த்துங்க. மேலே கொண்டுவந்தப்போ அப்படித்தான் கொண்டுவந்தோம்."

சாய்த்தார்கள். பலகை வழுக்கிக்கொண்டு திரும்பியது. வாரன் கோட்டைக் கழற்றிக் கைப்பிடியில் போட்டுவிட்டு அதன் ஒரு முனையைப் பிடித்தார். அதற்குப் பிறகு கடைசிப் பலகை இறங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

அன்று மேற்கு மோட்டார்வேயில் ஹெரன்ஸின் தரை வரிசையாக ஊர்ந்து போனது. முன் ட்ரக்கில் ஷாமினி. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தன் ஊர்க்காரர்களின் வண்டிகள். ஒரு அரண்மனையையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போவதுபோல அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆட்டத்தன்று பிற்பகல் கூடம் நிறைந்து வழிந்தது. நகரத்திலிருந்து வந்தவர்கள் ஒரு கைப்பிடிதான். மற்றவர்கள் ரானுயிக்காரர்கள். கூடைப்பந்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்தவர்கள் பலர். உள்ளே இடமில்லாததால் பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். புல்தரையில் நின்று ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். தேவாலயப் பாடகர்கள் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பாடினார்கள். வெலிங்டன் வீரர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்பிளந்து பார்த்தார்கள்.

ஹெரன்ஸ் இரண்டு புள்ளியில் தோற்றது. கடைசி நிமிடத்தில் சியோனே எறிந்த பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். நிற்காமல் தட்டினார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு சமோவா அம்மா எழுந்து வந்து சியோனேயின் முழங்கையைப் பிடித்தாள். "அடுத்த ஆட்டமும் இங்கேதானே, மகனே?"

சியோனே ஷாமினியைப் பார்த்தான்.

"இங்கேதான்," என்றாள் ஷாமினி. யாரையும் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் நகரத்துக்கு வெளிச்சம் திரும்பியது. கிளப் உறுப்பினர் கூட்டத்தில் வாரன் பிடிவாதமாகப் பேசினார். நகரத்தில் பிறந்த அணி நகரத்தில்தான் இருக்கவேண்டும் என்றார். அவர் பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு சியோனே எழுந்தான். பேச்சு வராதவன்.

"அங்கே எங்களைப் பார்க்கணும்னே வர்றாங்க. இங்கே எல்லாருக்கும் நாங்க பழகிப்போயிட்டோம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

வாக்கெடுப்பில் ரானுயி ஜெயித்தது. வாரன் எதிர்த்தே கை தூக்கினார். ஆனாலும் அதன்பின் ஒரு ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. மேற்கு ரயிலில் ஏறி, அணியின் கழுத்துத்துண்டைச் சுற்றிக்கொண்டு, ரானுயியில் இறங்கி நடந்து வருவார். "நான் சம்மதிச்சதா நினைக்காதே," என்று ஷாமினியிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

அந்த ஆண்டு கோப்பை கிடைக்கவில்லை. அரையிறுதிவரை போனார்கள், அதுவே அந்த அணி அதுவரை எட்டாத உயரம்.

"பாருங்கோ தங்கச்சி," என்று மகேசன் அரையிறுதி அன்று குறைப்பட்டுக்கொண்டார். "உங்கட ஆக்களாலை என்ர கடை வாசலிலை கார் நிப்பாட்ட இடமில்லை. ரோட்டு முழுக்கச் சனம்." சொல்லும்போதே அவர் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. கடைக் கண்ணாடியில் அணியின் படத்தைப் பெரிதாக ஒட்டியிருந்தார்.

ஷாமினி கூடத்தின் வாசலுக்கு வந்தபோது எதிரணியின் பேருந்து வந்து நின்றது. வழிதவறிச் சுற்றியிருப்பார்கள் போல. அதன் மேனேஜர் சலிப்போடு இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன இது, விமான நிலையத்திலேருந்து இவ்வளவு தூரம்?"

"தூரம் உங்களுக்குத்தான்," என்றாள் ஷாமினி, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டபடி. "நாங்க வீட்டிலேருந்து நடந்து வந்தோம்."