பொய் டிக்

அப்பாவின் ஆறு வார உடற்பயிற்சித் தாளில் ஒரு நாள் விடாமல் டிக் இருந்தது. எல்லாம் மகன் போட்டவை. ஞாயிறு காலையில் ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் போட்டுவிடுவான். அப்பா ஒரு நாளும் பயிற்சி செய்ததில்லை.

அவருக்குக் குடலில் புற்றுநோய். டாக்டரம்மா மருந்தோடு பச்சை ரப்பர் பட்டை ஒன்றும் கொடுத்திருந்தார். கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுக்க வேண்டும், நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். தசையில் பலமுள்ள வயதானவர்கள் இந்த நோயைக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று விளக்கியும் சொன்னார்.

அப்பா முப்பது வருஷம் வீடு மாற்றும் லாரியில் பீரோ சுமந்தவர். "பீரோ தூக்கின கைக்கு ஜட்டி எலாஸ்டிக்கா? போடா!" என்றார். அவரைச் சிரமப்படுத்த மனமில்லை என்று மகன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையில் சோம்பல். தூக்கி எழுப்பினால் இரண்டு நொடி. தானாக எழட்டும் என்று நின்றால் கால் மணி நேரம். பாட்டில் மூடியைக்கூட அவனே திறந்தான். "பெத்தா இப்படி ஒரு பிள்ளையப் பெறணும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது பல்லைக் காட்டினான்.

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையின் பிடி பலத்தை அளக்கும் கருவியைக் கொடுத்தார். அப்பா முகம் சிவக்க அழுத்தியும் முள் பதினாறு கிலோவில் நின்றது. ஆறு வாரத்துக்கு முன்பு இருபத்தைந்து.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். "தினமும் செஞ்சும் இவ்வளவு இறங்கியிருக்குன்னா, உடம்பு மருந்தத் தாங்கலைன்னு அர்த்தம். மருந்த நிறுத்திடலாம். இனி வலி இல்லாம பாத்துக்குவோம்."

மகன் வாயைத் திறக்காவிட்டால் நல்ல பிள்ளையாகவே வீடு திரும்பலாம்.

"அந்த டிக்கெல்லாம்..." என்றான்.

"நான் போட்டதும்மா" என்று அப்பா முந்திக்கொண்டார். "இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"பொய். நான்தான் போட்டேன். அவர் ஒரு நாள்கூடச் செய்யல. நான் செய்ய வைக்கல."

டாக்டரம்மா தாளில் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "மருந்த நிறுத்தாம இன்னும் ஒரு மாசம் பாப்போம். இந்தத் தடவை டிக் அப்பா போடட்டும். போன ஆறு வாரத்த என்னால திருப்பித் தர முடியாது."

வெளியே மருந்துச் சீட்டுக்காக உட்கார்ந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் அப்பா வழக்கம்போல் கையை நீட்டினார். மகன் தன் கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"என்னடா வேடிக்கை?"

"நீங்களே எழுந்திருங்கப்பா."

பாதி எழுந்து தொப்பென்று விழுந்தார். மறுபடியும்.

"பெத்த அப்பனத் தூக்கிவிடக்கூடக் கை வராதா?" என்றாள் எதிரே இருந்த அம்மாள்.

அவன் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்பா மூன்றாவது தடவையாக முழங்காலில் பலம் கொடுத்தார்.