ஒரு கட்டை கீழே

"திஸ்ஸன், முதல்ல உட்காருங்க. நின்னுக்கிட்டே கேட்டா விழுந்துடுவீங்க."

மூன்று மாடி ஏறிய மூச்சு எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஓட்டிலி பிராண்டாவ் ஒரு கடிதத்தைத் தன் பியானோ மேல் வீசினாள். எடுத்துப் படித்தேன்.

ஸ்டுட்கார்ட் வானொலியிலிருந்து வந்திருந்தது. என் 'ஓடக்காரி பாடல்கள்' ஏழையும் ஆர்க்கெஸ்ட்ராவோடு பாட அவளை அழைத்திருந்தார்கள். மார்ச் இருபத்திரண்டு, சனிக்கிழமை, மாலை ஆறு மணி. சபையில் ஆட்கள் இருப்பார்கள். நேரடி ஒலிபரப்பு.

"உங்க பாட்டு, என் குரல், அறுபது பேர் வாத்தியம்! என்ன முழிக்கிறீங்க? சந்தோஷப்படுங்க, மனுஷா!"

"சந்தோஷம்தான்" என்றேன்.

"இந்த மூஞ்சிக்கா சந்தோஷம்னு பேரு? பல்லு புடுங்கப் போறவன் இதைவிட நல்லா சிரிப்பான்."

அந்தப் பாடல்களை ஆர்க்கெஸ்ட்ராவுக்காக நான் விரித்து எழுதிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பதிப்பாளரின் மேஜை இழுப்பறையில் கிடந்தன. வேறு எந்த இசையமைப்பாளனாக இருந்தாலும் அந்த நிமிடம் ஓட்டிலியைத் தூக்கிச் சுற்றியிருப்பான். நான் கடிதத்தை மடித்துப் பியானோ மேலேயே திரும்ப வைத்தேன்.

காரணம் எளிது. கடந்த நான்கு வருடங்களாக அந்தப் பாடல்களை ஓட்டிலி, நான் எழுதிய சுருதியில் பாடவே இல்லை. அது அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். செய்தவன் நான்தான்.

என் தொழில் பக்கவாத்தியம். பாட்டு எழுதுவேன், எழுதாத நாட்களில் பாடகர்களுக்குப் பியானோ வாசிப்பேன். பாடகருக்குத் தொண்டை சரியில்லை என்றால், "இன்னிக்கு அரைக் கட்டை இறக்கிடுங்க" என்று காதில் சொல்வார். புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே, விரல் அரைக் கட்டை கீழே வாசிக்கும். இது எங்கள் ஆட்களுக்குச் சாதாரணம். ஆனால் ஒரு விதி உண்டு. பாடுகிறவர் கேட்க வேண்டும். கேட்காமல் இறக்கக் கூடாது.

நான்கு வருடங்களுக்கு முன் உல்ம் நகரில் கச்சேரி. ஓட்டிலிக்கு அப்போது நாற்பத்தொன்பது. மூன்றாவது பாட்டில் ஓடக்காரி அக்கரையைப் பார்த்து "வா" என்று கூவும் ஓர் உச்ச சுரம் இருக்கிறது. அன்று மதியம் ஒத்திகையில் அந்தச் சுரம் கிழிந்தது. "வழியெல்லாம் குளிர்காத்து, அதான்" என்றாள். மாலையில் மேடை ஏறினோம். நான் கேட்கவில்லை, சொல்லவில்லை. அரைக் கட்டை இறக்கி வாசித்தேன்.

சபை எழுந்து நின்று கை தட்டியது. 'பிராண்டாவின் இரண்டாவது இளமை' என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

ரயிலில் திரும்பும்போது அவள் சொன்னாள், "பாத்தீங்களா? குரல் எங்கயும் போயிடல. சும்மா தூங்கியிருக்கு."

அந்தப் பெட்டியில் நாங்கள் இரண்டே பேர். வாயைத் திறந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நான் ஜன்னல் வழியாக மாடு பார்த்தேன்.

அடுத்த கச்சேரியிலும் இறக்கினேன். பக்கம் புரட்ட ஆள் உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று, மனப்பாடமாக வாசிக்கப் போவதாக அறிவித்தேன். அதையும் பத்திரிகைகள் பாராட்டின! மிச்சம் இருந்தது அவள் வீட்டுப் பியானோ. அவள் பாடிப் பழகுவது அதில்தான். கல்லூரி வகுப்பில் அவள் பாடிக் காட்டுவதில்லை. குரலைக் கச்சேரிக்குச் சேமிக்கிறவள். ஆகவே பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் குன்ட்ஸைப் பிடித்தேன். பழைய கம்பி, இழுவை தாங்காது என்று அவளிடம் சொல்லி அவன் அதை அரைக் கட்டை தளர்த்தினான். இரண்டு வருடம் கழித்து இன்னோர் அரை.

ஆக, ஒரு முழுக் கட்டை. ஆர்க்கெஸ்ட்ராவிடம் இந்தத் தந்திரம் நடக்காது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குன்ட்ஸைத் தேடிப் போனேன். கடையில் பருப்பும் தொத்திறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"மாஸ்டர், அறுபது பேரை நான் எப்படித் தளர்த்துறது? ஆளுக்கொரு திருகு தலையில இருக்கா?"

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

"எனக்கா சிரிப்பு?" குன்ட்ஸ் கரண்டியை வைத்தான். "ஒவ்வொரு தடவை போறப்பவும் அந்தம்மா எனக்கு ஆப்பிள் கேக் குடுக்குறாங்க. 'பாவம், பழைய கம்பியோட மல்லுக்கட்டுறீங்க'ன்னு ரெண்டாவது துண்டும் வைக்கிறாங்க. தொண்டையில இறங்கல, மாஸ்டர். நான் பொய் சொல்லிச் சாப்பிடுறேன். போய்ச் சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது?"

"வாயால."

நான் வேறு வழி கண்டுபிடித்தேன். பாட்டு என்னுடையது. எழுதியவன் மாற்றி எழுதினால் யார் கேட்பது? வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்: புதிய திருத்திய பதிப்பு வருகிறது, அதைத்தான் வாசிக்க வேண்டும். அவர்கள் மகிழ்ந்துபோனார்கள். பன்னிரண்டு நாள், காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் விரல் மரத்துப்போகும் வரை, ஒவ்வொரு வாத்தியத்தின் தாளையும் ஒரு கட்டை கீழே எழுதினேன். திருத்தம் என்று பேருக்கு நாலு இடத்தில் புல்லாங்குழலை மாற்றினேன். செவ்வாய்க்கிழமை தாள்களை நிலையத்தில் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, ஒரு கொலையை ஒழுங்காக மறைத்தவனைப் போல லேசாக இருந்தது.

அந்த லேசு ஒரு நாள்தான் இருந்தது.

புதன்கிழமை. எங்கள் கட்டடத்தில் அந்த வாரம் படிக்கட்டு கழுவும் முறை என்னுடையது. ஈரத் துணியோடு இரண்டாம் மாடியில் குனிந்திருந்தபோது ஓட்டிலி ஏறி வந்தாள்.

"பக்கவாத்தியம் இன்னிக்கு வாளியோடவா?"

"மூலையை விட்டுட்டீங்க, ஹெர் திஸ்ஸன்!" என்று மேல்மாடியில் குடியிருக்கும் ஃபிராவ் ஹேபர்லே தன் கதவிலிருந்து குரல் கொடுத்தாள். "போன தடவையும் அந்த மூலைதான்!"

"கழுவுறேன், கழுவுறேன்."

ஓட்டிலி சிரிக்கவில்லை. கீழ்ப்படியில், ஈரம் காயாத இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கெர்லிண்டேவை ஞாபகம் இருக்கா? என் மாணவி. செம்பட்டை முடி."

"நல்லா பாடுவா."

"பாடினா. இனிமே எப்பன்னு தெரியாது. குரல் நாண்ல ரத்தம் கசிஞ்சிருக்கு. ஆறு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

நான் துணியைப் பிழிந்தேன்.

"உங்க மூணாவது பாட்டுதான். டிசம்பர்ல வந்து கேட்டா, 'அரைக் கட்டை இறக்கிக்கட்டுமா, அந்த உச்சம் வலிக்குது'ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'எனக்கு வயசு அம்பத்துமூணு. எழுதினபடி பாடுறேன். உனக்கு இருபத்துரெண்டு, வெக்கமா இல்ல?'ன்னேன். வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்க, அத்தனை பேர் முன்னால. அவ பாடினா. தினமும் பாடியிருக்கா." ஓட்டிலி தன் கையைப் பார்த்தாள். "என்னால முடியறது எல்லாராலயும் முடியும்னு நினைச்சுட்டேன். என் தப்பு, திஸ்ஸன். மூணு நாளா தூக்கமில்ல."

சொல் என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. குன்ட்ஸின் குரல் மாதிரியே இருந்தது.

"மூலை!" என்றாள் ஃபிராவ் ஹேபர்லே.

நான் போய் மூலையைக் கழுவினேன். திரும்பி வந்தபோது ஓட்டிலி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நேரத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். என் குற்றத்தை அவள் தூக்கிக்கொண்டு படியிறங்குவதை நான் வாளியோடு நின்று பார்த்தேன்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் வீட்டு மணியை அடித்தேன். சட்டைப்பையில் சுருதிக் கவை இருந்தது. தட்டினால் எப்போதும் ஒரே சுரத்தைப் பாடும் அந்தச் சின்ன இரும்பு. அதைப் பியானோ மூடி மேல் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"தட்டுங்க. அப்புறம் பியானோவுல அதே சுரத்தை அமுக்குங்க."

தட்டினாள். அமுக்கினாள். இரண்டும் அண்ணன் தம்பி போல் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு இரண்டு விசை மேலே தள்ளி அமுக்கினாள். அது ஒட்டியது.

"ஒரு முழுக் கட்டை கீழே இருக்கு" என்றாள். "குன்ட்ஸ் சொன்னாரு, கம்பி..."

"நான் சொல்லச் சொன்னேன்."

என் முகத்தைப் பார்த்தாள். கெட்டிக்காரி, மிச்சத்தை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உல்ம்?"

"ஆமா."

"ஹைடல்பெர்க்?"

"ஆமா."

"போன கிறிஸ்மஸ்?"

"அது முழுக் கட்டை."

"சனிக்கிழமை?"

"புதுப் பதிப்புன்னு சொல்லி எல்லாத் தாளையும் இறக்கி எழுதிக் குடுத்துட்டேன்."

சுருதிக் கவையை எடுத்து என் கையில் திருப்பி வைத்தாள்.

"ஏன் என்னைக் கேக்கல?"

அவளுக்கு வலிக்கக் கூடாது என்று நான்கு வருடமாக எனக்கே சொல்லிவந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அது வரவில்லை. வேறொன்று வந்தது.

"கேட்டிருந்தா பாடுறதை நிறுத்தியிருப்பீங்க. என் பாட்டை வேற யாரும் பாடுறதில்ல, ஓட்டிலி. நீங்க நிறுத்தினா நானும் முடிஞ்சேன்."

"நல்ல வேளை." அவள் குரல் தணிந்திருந்தது. "எனக்காகன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா இந்தப் பூஜாடி உங்க தலையில உடைஞ்சிருக்கும். உட்காருங்க. மூணாவது பாட்டு. நிஜமான சுருதியில."

தளர்ந்த பியானோவில் ஒரு கட்டை ஏற்றி வாசித்தேன். பாடினாள். "வா" வந்தது, உச்சத்தில் இரண்டாகப் பிளந்தது.

"மறுபடி."

பிளந்தது.

"மறுபடி."

மூன்றாவது முறை அந்த இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. அவளே வந்து மூடியைச் சாத்தினாள். என் விரலை எடுக்க ஒரு நொடிதான் கொடுத்தாள்.

"ஊருல ஒருத்தன் செத்தா மறுநாள் பேப்பர்ல போட்டுடுறாங்க. என் குரல் செத்த சேதி எனக்கு நாலு வருஷம் கழிச்சு வருது." கோட்டை எடுத்து மாட்டினாள். பித்தானை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டாள். "அந்தப் பொண்ணை நான் வெக்கமா இல்லையான்னு கேட்டேனே, திஸ்ஸன்."

"நானும் வரேன்."

"வேண்டாம். ஒத்திகைக்கும் வராதீங்க. அரங்கத்துக்கு டிக்கெட் அனுப்புறேன்."

டிக்கெட் வந்தது. நான்காவது வரிசை, பன்னிரண்டாம் எண். சனிக்கிழமை போய் உட்கார்ந்த பிறகுதான் பதினோராம் எண்ணைப் பார்த்தேன். செம்பட்டை முடி, கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, மடியில் குறிப்புப் புத்தகமும் பென்சிலும். கெர்லிண்டே தலையசைத்து வணங்கினாள். நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை.

ஆறு மணிக்கு அறிவிப்பாளர் மேடைக்கு வந்தார்.

"ஓடக்காரி பாடல்கள். இசை, வோல்க்மார் திஸ்ஸன். பாடுபவர், ஓட்டிலி பிராண்டாவ். பாடகியின் வேண்டுகோளின்படி, எழுதிய சுருதிக்கு ஒரு கட்டை கீழே."

சபையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கச்சேரிக்கு முன் எந்தப் பாடகியும் இதைச் சொல்லச் சொல்வதில்லை. தெற்கு ஜெர்மனி முழுவதும் வானொலிப் பெட்டிகளில் அது போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் கேட்காத ஒன்றை, கேட்டதாக அவளே சொல்லவைத்திருந்தாள்.

கெர்லிண்டே எதையோ எழுதி என் பக்கம் நகர்த்தினாள்.

'வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தாங்க. நாலு வருஷமா இறக்கித்தான் பாடினாங்களாம். என்கிட்ட பொய் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டாங்க. மேடம் போய் என்கிட்ட!'

மேடையில் ஓட்டிலி பாட ஆரம்பித்திருந்தாள். ஏழு பாட்டும் நன்றாக இருந்தன என்று பிறகு சொன்னார்கள். என் காதில் எதுவும் விழவில்லை. மூன்றாவது பாட்டில் "வா" முழுசாக, உருண்டையாக வந்தபோது பக்கத்தில் அந்தப் பெண் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அதை மட்டும் பார்த்தேன்.

கடைசி சுரம் அடங்கியதும் சபை கைதட்டலில் அதிர்ந்தது. ஓட்டிலி இரண்டு முறை வணங்கினாள். எழுதியவன் சபையில் இருந்தால் பாடகி அவனை நோக்கிக் கை நீட்ட வேண்டும். அவன் எழுந்து வணங்க வேண்டும். அது எங்கள் வழக்கம். ஓட்டிலி கை நீட்டினாள். நான்காவது வரிசையை நோக்கித்தான் நீட்டினாள். கண் வேறெங்கோ இருந்தது.

தலைகள் திரும்பின. "திஸ்ஸன்! திஸ்ஸன்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர், "எழுந்திருங்கய்யா, வெக்கப்படாதீங்க" என்றார்.

நான் கெர்லிண்டேயின் கையிலிருந்து பென்சிலை வாங்கினேன்.

'அவங்களுக்குத் தெரியாது' என்று எழுதினேன். 'இறக்கினது நான். உல்ம்ல ஆரம்பிச்சேன்.'

கைதட்டல் தயங்கியது, பிறகு தாளம் பிடித்துக் கூப்பிட ஆரம்பித்தது. கெர்லிண்டே முதல் வரியைப் படித்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பி, அடுத்ததை எழுதினேன்.