ராஜா வேடக்காரரின் குரல்

செத்துப்போன ராஜா வேடக்காரரின் குரல், அவரைக் கொன்ற தளபதி வேடக்காரனின் தொண்டையில் குடியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியக் காட்சியின்போது.

அந்த நாடகக் கம்பெனியில் அவன் பதினோரு வருடமாக இரண்டாம் அங்கத்தில் மண்டியிட்டு, நாலே வசனம் பேசிவிட்டு உள்ளே போகிறவன். அவனைவிட அது அவன் மனைவிக்குத்தான் உறுத்தியது. அவள் கம்பெனியின் தையல்காரி. ராஜாவின் அங்கியைப் பிரித்துத் தைக்கும்போதெல்லாம், "இது உங்க உடம்புக்குத்தான் எடுப்பா இருக்கும்" என்பாள். ஒருநாள் அவனுக்கு அளவே எடுத்துவிட்டாள். மறுநாள் ஒத்திகைக்கு முன் அவன் மேடைப் பலகையின் அடியிலிருந்த தாழ்ப்பாளைக் கழற்றி வைத்தான். ராஜா சிம்மாசனத்தை நோக்கி நடந்தார், பலகை விலகியது. கீழே விழுந்தவருக்கு உயிர் போக மூன்று மணி நேரமானது. அதுவரை தலையை மடியில் தாங்கியிருந்தவன் அவன்தான். "கூடப் பொறந்தவன் மாதிரிடா நீ" என்றார் அவர்.

அடுத்த வாரம் அந்த அங்கியில் மேடையேறி வாயைத் திறந்தான். வந்தது அவர் குரல். முதல் வசனம் எழுதியபடியே இருந்தது. பிறகு குரல் தன்போக்கில் போனது. "தாழ்ப்பாளைக் கழட்டினது இவன். அளவெடுத்தது இவன் பெண்டாட்டி." அவன் வாயைப் பொத்தினான், விரலிடுக்கு வழியாக வந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. குற்ற உணர்ச்சியை இப்படி எவரும் நடித்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. தினம் இரண்டு காட்சி என்றானது.

போனில் அவன் "அம்மா" என்றால், "யாருங்க? என் பிள்ளைகிட்ட குடுங்க" என்பாள் அவன் தாய். பிள்ளை பேசவே மாட்டேன் என்கிறான் என்று புலம்பியே செத்தாள். மூன்றாம் வருடம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். "என்னைக் கொன்னுட்டாங்க" என்றது குரல். இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்து, நாற்காலி போட்டார். குற்றத்தை எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினான். பெரிய நடிகரின் கையெழுத்தாயிற்றே என்று கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.

நம்பியவள் ராஜாவின் மனைவி ஒருத்திதான். ஒருநாள் காட்சி முடிந்து ஒப்பனை அறைக்கு வந்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"எல்லாம் கேட்டேன். உன்னைத் தூக்குல போட்டா இந்தக் குரலும் போயிடும்ல?"

அவன் கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அவரு பேசட்டும். நீ வாயை மட்டும் திற."

பத்தொன்பது வருடமாகப் போகிறான். அவனுக்குப் பல் கொட்டிவிட்டது, குரலுக்கு வயதாகவில்லை. கூரை ஒழுகுவதையும் மகள் படிப்பையும் குரலும் அவளும் பேசி முடிவெடுப்பார்கள். அவனைக் கூட்டிப்போகத் தையல்காரி வாசல் படியில் காத்திருப்பாள். உள்ளே வா என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. போன ஞாயிறு அவனுக்கு நெஞ்சு வலித்தது. சொல்ல வாயைத் திறந்தான். சர்க்கரை குறைத்து இன்னொரு டீ கேட்டது குரல். ராஜாவின் மனைவி சிரித்துக்கொண்டே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.