ரிகிரெட் ஒழுகிய வருஷங்கள்

ஆங்கில பாஷையின் வினைச்சொற்களில் மகுடம் சூட்டத் தக்கது ‘ரிகிரெட்’ ஒன்றே என்று திருச்சி மேலப்புதூர் ஸ்தனிஸ்லாஸ் பன்னிரண்டு வருஷம் ஆராய்ந்து முடிவு கட்டியிருந்தார். 1956 ஆடி மாதத்தில் அது ஒழுக ஆரம்பித்தது.

அவர் ஒரு நூற்பாலை அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தா. வேலை கேட்டு மனுப் போட்டவர்களுக்கு இல்லை என்று எழுதுவது அவர் பொறுப்பு. மற்ற ஆபீஸ்களில் ‘நோ வேகன்சி’ என்று ஒரே வரியில் கதையை முடிப்பார்கள். இவர் மனுதாரரின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, பெருமூச்சு விட்டு, ‘வி ரிகிரெட்’ என்று தொடங்குவார். அந்த ஆடியிலிருந்து அந்தச் சொல் விழுந்த இடத்தில் தாள் நனைந்தது. உறை தபால் பெட்டிக்குப் போவதற்குள் சொட்டியது. பி.ஏ. படித்த ஒருவன் நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிக்கிறது, கண்ணீரேதான் என்று சாட்சி சொன்னான். தபால்காரர் வெள்ளைச்சாமி இதற்கென்றே ஒரு ரப்பர் துணிப் பை தைத்துக்கொண்டார். வாங்கியவர்கள் கொடியில் உலர்த்திப் படித்தார்கள். அரிசி விலை ஏறியதற்குப் பழகியதைப் போல ஊர் இதற்கும் பழகிவிட்டது.

ஸ்ரீரங்கத்தில்தான் ஒரு பிசகு நேர்ந்தது. வடக்குச் சித்திரை வீதி சடகோபாச்சாரியார், யாரோ அழுதுகொண்டே எழுதிய சாவுக் கடிதம் என்று எண்ணி, உறையோடு வாசலில் கிழித்துப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு கொள்ளிடத்தில் முழுகினார். பிறகு துண்டுகளை ஒட்டிப் படித்துவிட்டு, ஈர வேஷ்டியோடு ஆபீசுக்கு வந்தார்.

“போனது என் புள்ளையோட உத்தியோகம்னு அப்புறம்தான் ஓய் தெரிஞ்சுது! ஆத்துல எட்டுப் பேரும் முழுகியாச்சு!”

“தப்பே இல்லீங்க சுவாமி,” என்றார் ஸ்தனிஸ்லாஸ், முகமெல்லாம் மலர. “பிரெஞ்சுலேருந்து வந்த சொல்லு. ஆதியில செத்தவங்களுக்கு ஒப்பாரி வைக்கிறதுன்னு அர்த்தம். நீங்க முழுகினதுதான் சரியான பிரயோகம்.”

“வேலைக்குத்தான் பஞ்சம். அர்த்தத்துக்குக் குறைச்சலில்லை,” என்று சொல்லிவிட்டுப் போனார் ஆச்சாரியார்.

1962இல் அதே ஆபீசில் டைப்பிஸ்ட் இடம் ஒன்று காலியானது. ஸ்தனிஸ்லாஸின் மகள் செல்வமேரி டைப்ரைட்டிங் ஹையர் தேறி நாலு வருஷமாக வீட்டில் இருந்தாள். இந்த வேலையும் இல்லையென்றால், லால்குடியில் மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நிற்பவருக்கு அவளைக் கொடுப்பதாகப் பேச்சு.

“அப்பா, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“சிபாரிசு நம்ம வழக்கமில்லேம்மா,” என்றார். மேனேஜரைக் கண்டால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

இடம் மேனேஜரின் மைத்துனனுக்குப் போனது. அவனுக்கு ஒற்றை விரல்தான் ஓடும். அந்த வாரம் பன்னிரண்டு கடிதங்கள். செல்வமேரிக்கானதை அடிக்கும்போது ஸ்தனிஸ்லாஸின் மனசில், மனுவில் தகப்பன் பெயராகத் தன் பெயர் இருந்ததை மேனேஜர் கவனிக்கவில்லை என்ற நிம்மதி இருந்தது. ரிகிரெட்டை இரண்டு தடவை போட்டார்.

மறுநாள் தெருமுனையிலேயே வெள்ளைச்சாமியை மறித்தார். பையிலிருந்த பதினொன்றும் சொட்டிக்கொண்டிருந்தன.

“இது மட்டும் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கு சார். நீங்க அடிச்சதுதானா?”

ஸ்தனிஸ்லாஸ் அதை வாங்கிக்கொண்டார். தெருக்குழாயில் உறையை நனைத்து, உதறி, உள்ளே கொண்டுபோய் மகளிடம் நீட்டினார். செல்வமேரி பிரித்துப் படித்தாள். பிறகு ஈரத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பு இல்லை.