பலகைத் தரை

அன்பு அன்று என் இடுப்பில் இருந்தான். வழக்கமாக நான் பிள்ளைகளைத் தூக்குவதில்லை. ஒருமுறை தூக்கிவிட்டால் அப்புறம் இறங்க மாட்டார்கள், பேச்சுப் பயிற்சி கெட்டுப்போகும். ஆனால் எட்டாத உயரத்தில் நான் வேண்டுமென்றே வைத்திருந்த சோப்புக் குமிழி டப்பாவை அவன் கண்ணாலேயே கேட்டுக்கொண்டு நின்ற நிற்பில் மனம் இளகிவிட்டது. பின்னால் அவன் அம்மா ஜெபா கிளம்பத் தயாராகி, "டேய் அன்பு, பைய எட்தா" என்று கூப்பிட்டாள். கூடவே, எப்போதும் போல, குதிகாலால் தரையில் இரண்டு தட்டு. என் உள்ளங்காலில் அது ஜிவ்வென்று ஏறியது. அன்பு திரும்பவில்லை.

விளையாட்டு மும்முரம் என்று நினைத்தேன். "இன்னொரு வாட்டி கூப்புடுங்க ஜெபா." கூப்பிட்டாள், தட்டினாள். அவன் என் தோள் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். மெல்லக் கீழே இறக்கி நிறுத்தினேன். மறுபடி கூப்பிட்டாள், தட்டினாள். உடனே திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

நான் குனிந்து காலடிப் பலகையைப் பார்த்தேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குள், இரும்புச் சட்டம் கட்டிப் பிளைவுட் பலகை போட்டு உயர்த்திய அரை மாடிதான் என் அறை. யாராவது படியேறினால் அலமாரியில் பொம்மைகள் ஆடும். ஜெபாவுக்கு வேலை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில். "அங்க தொண்ட கிழிய கத்துனாலும் எவனுக்கும் கேக்காது மேடம். இரும்பு பிளாட்பாரத்துல காலால ரெண்டு தட்டு, அவ்ளோதான், திரும்பிப் பாப்பாங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை என்று இருவரும் சிரித்தோம். சிரித்த கையோடு அன்புவின் பதிவுத் தாளில் 'பெயர் சொன்னால் திரும்புகிறான்' என்று எழுதினேன்.

பேசாத பிள்ளை வந்தால் முதலில் காதைப் பார், அப்புறம் வாயைப் பார். இதை வருகிற எல்லாப் பெற்றோரிடமும் ஓதுகிறவள் நான். அன்புவுக்கும் எழுதிக் கொடுத்தேன். சென்னை ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தூங்கவைத்துக் காதைப் பார்க்கிற பரிசோதனை. சிரப் கொடுத்தும் அவன் தூங்கவில்லை, திரும்பி வந்துவிட்டார்கள். மறுபடி லீவு தரமாட்டார்கள் என்று ஜெபா கையைப் பிசைந்தபோது, "பேரு சொன்னா திரும்புறானே, காது நல்லாத்தான் இருக்கும், மெதுவா பாத்துக்கலாம்" என்று தைரியம் சொன்ன மகராசி யார்? சாட்சாத் இந்தக் கல்பனா மேடம்தான். மத்தளம் தட்டிக்கூடப் பார்த்தேனே, அதற்கும் திரும்பினானே என்று மனம் ஒரு சாக்கைத் தேடியது. அதையும் இதே பலகையில் வைத்துத்தான் தட்டினேன்.

"கீழ போலாம் வாங்க" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

கடையில் சிமெண்டுத் தரை. அன்புவை என் எதிரே உட்காரவைத்துக் குமிழி ஊதினேன். ஜெபாவை அவன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, "காலால வேணாம், வாயால மட்டும் கூப்புடுங்க" என்றேன். புதுப் பயிற்சி என்று நினைத்து அவள் உற்சாகமாகிவிட்டாள். மெதுவாகக் கூப்பிட்டாள், பாட்டாகக் கூப்பிட்டாள், கடைசியில் கத்தினாள். கடைக்காரர் தேசப்பனிடம் ஒரு கடப்பாரையைத் தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் அடிக்கச் சொன்னேன். ஆணி வாங்க வந்தவர் துள்ளி விழுந்தார். அன்பு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஒரு குமிழியை இரண்டு கைகளாலும் பிடிக்கப் போய், உடைந்ததும் ஈரக் கையைப் பார்த்தான்.

குமிழி டப்பாவை மூடிக் கீழே வைத்தேன். முதலில் வந்தது என் பெயர் கெட்டுவிடுமே என்கிற பயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதன் பிறகுதான் அவனுக்கான பயம் வந்தது, வந்தது போகவே இல்லை. சின்ன வயதிலேயே காதுக்குள் ஒலி போகாவிட்டால், மூளை அதைப் பழகிக்கொள்கிற காலம் நழுவிக்கொண்டே போகும். என்னிடம் வந்தபோது அவனுக்கு மூன்று வயது ஏழு மாதம். இப்போது நான்கரை. நடுவில் பதினோரு மாதம் அவனை உட்காரவைத்து 'ப', 'ம' என்று வாயசைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மேடம், மூஞ்சி இப்டி ஆயிட்ச்சி?"

"ஜெபா, அவனுக்குக் காது கேக்கலைன்னு நெனைக்கிறேன். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"சும்மா இருங்க மேடம். இப்பகூட மேல திரும்புனானே."

"நீங்க தட்டுனா பலகை அதிருதுல்ல. அதுக்குத்தான் திரும்புறான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடைக்குள் எல்லோர் எதிரிலும் கத்தினால்கூடத் தேவலை. அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். "லேட்டாயிட்ச்சா மேடம்?" என்றாள்.

"தெரியல" என்றேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த உண்மை அது ஒன்றுதான். உடனே பயத்தில் மடமடவென்று பேச ஆரம்பித்தேன். நாளைக்கே போகலாம், நானும் கூட வருகிறேன், விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பிவிடுங்கள், ரயிலில் கண்ணசர விடாதீர்கள், அப்போதுதான் அங்கே தூங்குவான். ஜெபா எதையும் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்படியே தரையில் குந்தினாள்.

"அப்போ கத?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"தூங்கறதுக்கு முன்னாடி கத சொல்லுங்க, லைட்ட நிறுத்திட்டு சொல்லுங்க, அப்பதான் காது குடுப்பான்னு நீங்கதானே சொன்னீங்க. ஒரு நாள் உடாம சொன்னேன் மேடம். என் கழுத்துல கைய வச்சிக்கினு அசையாம கேட்டுக்கினு இருப்பானே."

அன்பு எழுந்து அவளிடம் போனான். சோப்பு ஈரம் காயாத உள்ளங்கையை அம்மாவின் கழுத்தில் பதித்து, அசையாமல் நின்றான். ஜெபாவின் வாய் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அவன் கையைக் கொஞ்சம் நகர்த்தி, இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தான்.