கோட்டம்

"அண்ணே, ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா? புதுச் சைக்கிளுக்கு இன்னிக்குள்ள ஆர்டர் சொல்லணும்" என்று கேட்டபடி, கோகிலவாணி சொட்டச் சொட்ட நனைந்த ரெயின்கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். தாராவியில் அந்த முக்குக் கடைக்குள் சுடலைக்கண்ணன் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருகி, வளைந்த சக்கரத்தை நேராக்குகிற வேலை. அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கோகிலவாணிக்குச் செம்பூரில் இன்சூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். மழைக்காலம் வந்தால் சேற்றில் சைக்கிள் பந்தயத்துக்குப் போய்விடுவாள். சைக்ளோகிராஸ் என்று பெயர். ஓட்ட முடியாத இடத்தில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மனுஷி சைக்கிளைச் சுமக்கிற கூத்து என்று சுடலை கேலி செய்வான். போன வருடம் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விழுந்து அவளுக்குக் கழுத்தோரம் காறையெலும்பு முறிந்து, ஆபரேஷன் வரை போனது. அதோடு கேலியை நிறுத்திவிட்டான்.

பதில் அவனுக்குத் தெரியும். ரிம் பிரேக் சக்கரத்தின் விளிம்பைப் பிடிப்பது. சேறு ஒட்டினால் வழுக்கும். டிஸ்க் பிடிப்பது சக்கரத்தின் நடுவில் இருக்கும் தட்டை. அங்கே சேறு அவ்வளவு சுலபமாக எட்டாது. சேற்றுக்கு டிஸ்க்தான். ஆனால் டிஸ்க் என்றால் ஆயில், டியூப், அதற்குள் காற்று புகுந்தால் வெளியே எடுக்க ஒரு வித்தை. அது இவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் இசக்கிதுரை. இவனோடு ஒரே பட்டறையில் தொழில் பழகியவன், இன்று செம்பூரில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகக் கடை வைத்திருக்கிறான். கையுறை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தொடுகிற துரை! ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடலை அந்தக் கடைக்கு எதிர்த்த பஸ் ஸ்டாப்பில் நின்று, மூன்று பஸ்களை விட்டுவிட்டு, உள்ளே போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு பேர் இவனுடைய பழைய வாடிக்கை. அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. டிஸ்க் வாங்கினால் இவளும் அங்கேதான் போவாள்.

"ரிம்மே போதும்மா" என்றான். "வெயிட் கம்மி. எங்கயும் சாமான் கெடைக்கும். ஒரு ஸ்பானர் இருந்தா நீங்களே சரி பண்ணிரலாம். டிஸ்க்குன்னா சின்னக் கோளாறுக்கும் ஒருத்தன் வாசல்ல போயி நிக்கணும்லா."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சேற்றைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"அப்போ பக்கா. ரிம்முன்னே மெசேஜ் போட்டுருதேன்" என்று அவள் போனை எடுத்தாள். "நேத்து இசக்கிதுரை அண்ணன்கிட்டயும் கேட்டேன்."

சுடலையின் கை நின்றது. "அவன் டிஸ்க்குன்னுதான் சொல்லிருப்பான்."

"அவருக்கு டிஸ்க்குதான் சரின்னு படுதாம். 'ஆனா சுடலைய ஒரு வார்த்த கேட்டுக்கோ. அவன் ரிம்முன்னா கண்ண மூடிட்டு ரிம்ம வாங்கு. சக்கரத்துல கோட்டம் விடாதவன், வார்த்தையிலயும் விடமாட்டான்'னாரு."

எரிச்சல் இப்போதுதான் உச்சந்தலைக்கு ஏறியது. கடையில் முந்தினான், சரி. வித்தையில் முந்தினான், அதுவும் சரி. பெரிய மனசிலுமா முந்த வேண்டும், பாவி? தன்னைப் பற்றிக் கேவலமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! கோகிலவாணி தலை குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தோரத்தில், துப்பட்டா விலகிய இடத்தில் ஆபரேஷன் தழும்பு தெரிந்தது.

"செத்த இருங்கம்மா."

'டிஸ்க்' என்ற சொல் மட்டும் தொண்டையை விட்டு வருவேனா என்றது. அவள் ஓட்டி வந்த பழைய ரிம் பிரேக் சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினான். மழையில் இறங்கி, ரோட்டுக் குழியிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளி வந்து, பின்சக்கரத்தின் விளிம்பில் இரண்டு பக்கமும் அப்பினான்.

"பிரேக்கைப் புடிங்க. உள்ள பலத்தையெல்லாம் போட்டுப் புடிங்க."

அவள் போனை வைத்துவிட்டு இரண்டு கையாலும் இறுக்கினாள். சுடலை டயரில் உள்ளங்கையை வைத்து இழுத்தான். மணல் அரைபடும் சத்தம் வந்தது. சக்கரம் நகர்ந்தது. இன்னொரு இழுப்பில் ஒரு சுற்றுச் சுற்றியது.

"அண்ணே, நா நல்லாத்தான் புடிச்சிருக்கேன்" என்றாள். குரல் மாறியிருந்தது.

"தெரியும்மா. விட்டுராதீங்க."

அவள் முகத்தைப் பார்க்காமல் இழுத்துக்கொண்டே இருந்தான். சட்டையெல்லாம் சேறு தெறித்தது. போன மாதம் அவன் கையாலேயே கோட்டம் எடுத்த சக்கரம், நூல் பிடித்தாற்போல் நேராக, நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.