திரையில் விழாத கோடுகள்

"கையெழுத்துப் போடாத, நோரா!"

கான்ஃபரன்ஸ் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான் கிஷோர். ராஜினாமாக் கடிதத்தில் இறங்கப்போன பேனாவைப் பிடுங்கினான். எதிரே ஜெனரல் மேனேஜர் சந்திரசேகரனின் முகம் சிவந்தது.

"ஐடி ஆளுக்கு இங்க என்னய்யா வேலை?"

"ரெண்டே நிமிஷம் சார். சும்னே ஆதாரமில்லாம பழி போடாதீங்க."

பெங்களூர் பீன்யாவில் அந்தத் தொழிற்சாலை பொத்திப் பொத்தி வைத்திருந்த புது வால்வின் டிசைன், போட்டிக் கம்பெனி கையில். போனது ஒரு போட்டோ. திரையில் தெரிந்த டிசைனை யாரோ செல்போனில் சுட்டிருந்தார்கள். போன வாரம் இதே அறையில் அந்த டிசைனைத் திரையில் போட்டு விளக்கியவள் நோரா. ராஜினாமா, இல்லாவிட்டால் போலீஸ்.

நோரா புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

கிஷோர் ப்ரொஜெக்டரை ஆன் செய்தான். திரையில் அதே டிசைன். தன் செல்போனில் அதைப் படமெடுத்து நீட்டினான்.

"சுத்தமா இருக்கா சார்? இந்த ப்ரொஜெக்டர் எல்சிடி. சிவப்பு, பச்சை, நீலம், மூணும் ஒண்ணாவே திரைக்குப் போகும். இப்ப வெளிய போன போட்டோவைப் பாருங்க."

அந்தப் படத்தின் குறுக்கே மெல்லிய வண்ணக் கோடுகள்.

"இது டிஎல்பிங்கற வேற வகை ப்ரொஜெக்டர்ல எடுத்தது. உள்ள ஒரு கலர் சக்கரம் சுத்தும். ஒரு கலர் போனப்புறம்தான் அடுத்தது. அந்த வேகத்துல கண்ணு ஏமாந்துடும். கேமரா மாட்டிவிட்டுடும்."

"நம்மகிட்ட டிஎல்பி..."

"ஒண்ணுகூட இல்ல. டெமோவுக்கு வந்ததை நீங்கதானே சார் திருப்பி அனுப்புனீங்க? தலையைத் திருப்பினா வானவில் மாதிரி மின்னுது, மண்டை வலிக்குதுன்னு. சில பேர் கண்ணுக்கு அது தெரியும்."

சந்திரசேகரன் கடிதத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார்.

"மன்னிச்சிடும்மா. இது இங்க எடுத்த படமே இல்ல."

"தப்பிச்சே! சாயங்காலம் பிரியாணி உன் செலவு," என்று சிரித்தான் கிஷோர்.

நோரா சிரிக்கவில்லை.

வானவில்.

போன வார மீட்டிங்குக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பிரேசர் டவுனில் தன் வீட்டின் ஹால் சுவரில் டிசைனைப் போட்டுப் பேசிப் பழகினாள். கிரிக்கெட் பார்க்க வாங்கிய சின்ன ப்ரொஜெக்டர். தலையைத் திருப்பியபோதெல்லாம் கண்ணில் வண்ணம் வண்ணமாக மின்னல். "உன் கண்ணுலதான் கோளாறு. கண்ணாடிய மாத்து முதல்ல," என்று சோபாவிலிருந்து ஒரு கிண்டல். மறுநாளே போய் மாற்றினாள்.

"வேற எங்கயாவது இதைப் போட்டுக் காட்டினியாம்மா?" சந்திரசேகரனின் குரல் மென்மையாகத்தான் இருந்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்துவிடும்.

நோரா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"காட்டினேன் சார்."

"யாருக்கு?"

"ஒரே ஒருத்தருக்கு. கையில போனை வச்சுக்கிட்டுத்தான் பார்த்துட்டிருந்தார். டிரேவர். என் வீட்டுக்காரர்."